ஒலிப்பதிவாளரின் உயர்வும் தாழ்வும்

ஒரு பாட்டைக் கேட்டு மனம் உருகியவர் முதலில் பாடியவர் யார் என்று விசாரிப்பார். சற்று விஷயம் தெரிந்தவராயின் மெட்டமைத்தவர் யார், இயற்றியவர் யார் என்றும் கேட்பார். அந்தக் குரலை மெழுகிலோ பிலிமிலோ நாடாவிலோ பிடித்து, பாடியவர் காலமான பின்னும் நம் செவிக்கு எட்டும்படி வைத்துப்போனவர் யார் என்று கேட்பவரைக் காண்பது மிக அபூர்வம். ஆயினும் இந்த உத்தியோகத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சென்னை நகரத்தில் அது ஏறக்குறைய நூறு வருஷத்துச் சரித்திரம். அதை ஆதியிலிருந்து தொடர்ந்து பார்க்கிறவருக்கு ஓர் உண்மை புலப்படும். பதிவில் நேரும் பிழைக்கு எவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்ததோ, அவ்வளவுக்கு ஒலிப்பதிவாளரின் அந்தஸ்து உயர்ந்திருந்தது. பிழையைத் திருத்திக்கொள்ள யந்திரம் வழி செய்யச் செய்ய, அவருடைய வார்த்தைக்கு இருந்த மதிப்பு படிப்படியாக இறங்கிற்று. விஞ்ஞானம் அவருடைய சிரமத்தைக் குறைத்தது என்பது மெய்தான். அந்தச் சிரமத்தோடு அவருடைய அதிகாரத்தையும் சேர்த்தே குறைத்துவிட்டது.

எடிசன் பேசும் யந்திரத்தைச் செய்து காட்டியது 1877-இல். பத்து வருஷம் கழித்து எமில் பெர்லினர், உருளைக்குப் பதிலாகத் தட்டையான தகட்டில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டார். நம் தேசத்துச் சங்கீதம் வியாபார ரீதியில் தட்டில் ஏறியது 1902-ஆம் வருஷத்தில். கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்த பிரெட் கெய்ஸ்பர்க் என்ற அமெரிக்கர், ஒரு ஹோட்டல் அறையில் தம் கருவிகளை நிறுத்திக்கொண்டு கௌஹர் ஜானின் பாட்டுக்களைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தம் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்வதை இன்றும் அத்தட்டுக்களில் கேட்கலாம். அதைத் தற்பெருமை என்று எண்ணுவது தவறு. மெழுகு அச்சுக்கள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போய்த் தட்டுக்களாகத் திரும்பி வந்த அந்நாளில், நம் பாஷைகளில் ஓரெழுத்தும் அறியாத தொழிலாளிகள் எது யாருடைய பாட்டு என்று கண்டுகொண்டு லேபிள் ஒட்டுவதற்காக ஏற்பட்ட முறை அது. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகே தட்டுக்கள் இங்கேயே அச்சாகலாயின.

மின்சாரம் இந்தத் தொழிலில் புகுவதற்கு முன் பதிவு நடந்த விதத்தைச் சிறிது கிட்ட நின்று பார்ப்பது நல்லது. அறையின் ஒரு சுவரிலிருந்து பெரிய தகரக் கொம்பு ஒன்று நீண்டிருக்கும். அதன் வாயை நோக்கிப் பாடகர் நிற்பார். கொம்பின் குறுகிய முனையில் மெல்லிய தகடும், தகட்டோடு பிணைத்த ஊசியும், ஊசியின் கீழே கனமான மெழுகுத் தட்டும் இருக்கும். தட்டைச் சுழற்றும் வேகம் ஒரு மாத்திரையும் பிசகலாகாது என்பதற்காக, மேலிருந்து மெல்ல இறங்கும் எடைக்கல்லைக்கொண்டு யந்திரத்தை ஓட்டுவார்கள். குரலின் பலம் ஒன்றே ஊசியை அசைக்க வேண்டும். ஆகையால் மெல்லக் குழைந்து பாடினால் மெழுகில் ஒன்றும் விழாது. திடீரென்று உச்சத்தில் எடுத்தாலோ ஊசி வரம்பு மீறிப் பக்கத்துக் கோட்டில் போய் விழும். இந்த இரண்டுக்கும் நடுவே பாடகரைக் காப்பது பதிவாளரின் பொறுப்பு. அவர் பாடகரின் பின்னால் நின்று, மேல் ஸ்தாயி வரும் இடத்தில் அவரைத் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதும், கீழ் ஸ்தாயியில் கொம்பின் அருகே தள்ளுவதும் உண்டு. தோல் வாத்தியக்காரரைத் தூரத்தில் உட்கார்த்துவார்கள். தந்தி வாத்தியக்காரரைக் கொம்பின் வாயோரத்தில் நெருக்குவார்கள். பத்து அங்குலத் தட்டில் மூன்று நிமிஷத்துக்கு மேல் இடமில்லையாதலால், மணிக்கணக்கில் ராகம் விஸ்தரித்துப் பழகிய வித்வான்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடக்கக் கற்றுக்கொண்டார்கள். பதிந்த மெழுகைத் திரும்ப ஓட்டிக் கேட்டால் அந்த அச்சு அத்துடன் பாழ். ஆகவே நன்றாக வந்ததா என்பதைப் பதிவாளர் தம் காதையும் அநுபவத்தையும் மட்டுமே நம்பித் தீர்மானித்தார். அவர் சரி என்றால் சரி; வேண்டாம் என்றால், எவ்வளவு பெரிய வித்வானாயினும் மறுபடியும் பாட வேண்டியதுதான்.

1925-இல் மின்சாரப் பதிவு வந்தது. கொம்பு போய் மைக் வந்ததும், குரலின் நயங்களும் வாத்தியங்களின் வேறுபாடுகளும் முன்னிலும் தெளிவாகத் தட்டில் விழுந்தன. 1930-களில் சென்னையில் ஏ. வி. மெய்யப்பனும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மானிய ஓடியன் கம்பெனியின் பெயரில் நாடகப் பாட்டுக்களையும் கச்சேரிப் பாட்டுக்களையும் வெளியிட்டு நல்ல லாபம் கண்டது. தமிழ் நாட்டில் நாடக மேடையின் கீர்த்தி தட்டுக்களின் மூலம் கிராமந்தோறும் பரவிய காலம் அது. ஆயினும் தட்டின் நடுவே ஒட்டிய லேபிளில் பாடகர் பெயர் இருந்தது, ராக தாளங்களின் பெயர் இருந்தது, கம்பெனியின் சின்னம் இருந்தது. பதிவு செய்தவரின் பெயர் ஒருநாளும் இடம்பெறவில்லை. அவர் வெளிநாட்டார், வந்து போகிறவர். அவருடைய திறமை கம்பெனியின் சொத்து. இரண்டாம் உலக யுத்தம் மூண்டதும் ஜெர்மனியோடு இருந்த இந்தத் தொடர்பு அறுந்துபோயிற்று.

அதற்குள் படம் பேசத் தொடங்கிவிட்டது. 1931-ஆம் வருஷம் மார்ச் 14-ஆம் தேதி பம்பாயில் வெளிவந்த ஆலம் ஆராவை எடுத்த அர்தேஷிர் இரானி, ஒலிக்கருவியைப் பொருத்திக் காட்ட வில்ஃபோர்டு டெமிங் என்ற அமெரிக்க நிபுணரை வைத்துக்கொண்டார். நாளொன்றுக்கு நூறு ரூபாய் என்ற அவருடைய சம்பளம் கட்டுப்படியாகாததால், அவரிடமிருந்து வேலையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டு இரானி தாமே ஒலிப்பதிவையும் கவனித்தார். ஸ்டூடியோவின் அருகே ரயில் பாதை ஓடிற்று. ஆதலால் ரயில்கள் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பின்னரே பெரும்பாலும் படப்பிடிப்பு நடந்தது. நம் நாட்டுச் சினிமாவின் கால அட்டவணையை ஒலிப்பதிவு என்ற ஒரு காரியமே முதல் தடவையாக நிர்ணயித்த சந்தர்ப்பம் இதுதான் என்று சொல்லலாம். அதே வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி சென்னையில் திரையிடப்பட்ட காளிதாஸ், தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய படம். டி. பி. ராஜலக்ஷ்மி கதாநாயகியாக நடித்த அந்தப் படமும் பம்பாயில் இரானியின் ஸ்டூடியோவிலேயே உருவாயிற்று.

அதன் பிறகு சில வருஷங்கள் தமிழ்ப் படம் எடுக்க விரும்பியவர்கள், நடிகர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் சமையற்காரர்களையும் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேறினார்கள். சென்னையில் காமிராவும் இருந்தது, நடிகர்களும் இருந்தார்கள். ஒலிக்கருவியும் அதைக் கையாளத் தெரிந்தவரும் இல்லை என்பதே குறை. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஏ. நாராயணன். அவர் நிறுவிய ஸ்ரீநிவாஸா சினிடோன் ஸ்டூடியோவில் 1934-இல் எடுத்த ஸ்ரீநிவாஸ கல்யாணம், சென்னையிலேயே தயாரான முதல் தமிழ்ப் பேசும்படம். அந்தப் படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாக்ஷி நாராயணன். குடும்பத்துப் பெண்கள் சினிமாக் கொட்டகைக்குப் போவதே விவாதத்துக்குரிய விஷயமாயிருந்த அக்காலத்தில், ஒரு பெண்மணி செவியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நடிகர்களின் குரலை அளந்து, பதிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சினிமாச் சரித்திரம் குறிப்பிடுகிறது. தமிழ் நாட்டில் இந்த உத்தியோகத்தின் வம்சாவளி ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது என்பது இத்தொழிலுக்கே ஒரு கௌரவம். அவருக்குப் பின் பல தலைமுறைகள் வரையில் பெண்கள் இந்த அறைக்குள் அநேகமாக வராமலே போனது அதற்கு ஒரு களங்கம்.

ஆரம்ப காலத்துப் பேசும்படங்களில் பேச்சும் பாட்டும் நடிக்கும்போதே பதிவாக வேண்டும். நாயகன் தோட்டத்தில் உலாவிக்கொண்டு பாடினால், ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் காமிராவின் கண்ணுக்குப் படாமல் புதர் மறைவிலும் திரை மறைவிலும் கூடவே நகர்ந்து வாசிக்க வேண்டும். நீண்ட கழியில் தொங்கும் மைக்கைப் பிடித்தவர், பாடுகிறவரின் தலைக்கு மேலே அதைக் கொண்டுபோக வேண்டும். ஆனால் அதன் நிழல் சுவரில் விழலாகாது. விளக்கின் இரைச்சல், மின்விசிறியின் சுழற்சி, காமிராவின் கடகடப்பு எல்லாம் ஒலிக்குப் பகை; ஆகவே விசிறிகளை நிறுத்திவிட்டு, கதவுகளைச் சாத்திக்கொண்டு, விளக்கின் வெப்பத்தில் எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து நிற்பார்கள். கூரையில்லாத இடத்தில் சூரிய வெளிச்சத்தை நம்பி எடுத்த படங்களிலோ தொல்லை இன்னும் அதிகம். எம். கே. தியாகராஜ பாகவதரின் முதல் படமான பவளக்கொடி 1934-இல் அடையாற்றில் அப்படி எடுக்கப்பட்டபோது, காக்கைகளின் கூச்சல் பொறுக்க மாட்டாமல், துப்பாக்கியால் அவற்றை விரட்டுவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்பது சினிமா வட்டாரத்தில் வழிவழியாக வழங்கும் செய்தி.

இப்படிப்பட்ட சூழ்நிலையில் ஒலிப்பதிவாளருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் ஏற்பட்ட அதிகாரத்தை எளிதில் ஊகிக்கலாம். டைரக்டருக்குக் காட்சி திருப்தி, காமிராக்காரருக்கும் திருப்தி, ஆயினும் கண்ணாடி அறையிலிருந்தோ வெளியே நின்ற சவுண்ட் வேனிலிருந்தோ 'ஒன் மோர்' என்ற குரல் வந்தால் அத்தனையும் முதலிலிருந்து நடக்க வேண்டும். கீழ்ப்பாக்கத்து நியூடோன் ஸ்டூடியோவில் தின்ஷா தெஹ்ரானி என்ற ஒலி நிபுணர் ஸ்தாபனத்தின் தலைவர்களுள் ஒருவராகவே விளங்கினார் என்பதிலிருந்து அக்காலத்தில் இத்தொழிலுக்கு இருந்த மரியாதையை அறியலாம்.

அந்த மரியாதைக்குப் பின்னால் இருந்த பயத்தையும் சொல்ல வேண்டும். அன்று ஒலி பதிந்தது பிலிமில், வெளிச்சத்தின் வடிவத்தில். மைக்கில் எழுந்த மின்னதிர்வு ஓர் ஒளிக்கீற்றை அசைக்கும், அந்தக் கீற்று பிலிமின் ஓரத்தில் நூலளவு அகலமுள்ள ஒரு பாதையை எழுதும், ஆர்.சி.ஏ. முறையில் அது கருப்பும் வெளுப்புமாக மேடுபள்ளமான கோடாகவும், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறையில் அடர்ந்தும் வெளிறியும் வரும் பட்டைகளாகவும் தெரியும். நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி வீதம் ஓடிய அந்தப் பிலிம் லாபரேட்டரிக்குப் போய், கழுவி, பிரதி எடுத்து வரும் வரையில், பதிவு நன்றாக இருக்கிறதா என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. குரல் சற்று மிஞ்சிவிட்டால் கோடு விளிம்பில் முட்டிக் கிழிந்த சத்தமாகக் கேட்கும்; சற்றுத் தாழ்ந்துவிட்டால் பிலிமின் இரைச்சலில் வார்த்தை மூழ்கிவிடும். ரஸாயனத் திராவகத்தின் சூட்டில் சிறிது மாறுதல் ஏற்பட்டாலும் ஒலி கெடும். மறுநாள் போட்டுப் பார்க்கும்போது பிழை தெரிந்தால், கலைத்த செட்டை மறுபடி போட்டு, நடிகர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பழியோ ஒலிப்பதிவாளர் தலையில். முதல் நாள் ராஜாவாக இருந்தவர் மறுநாள் குற்றவாளியாக நிற்பது இந்த உத்தியோகத்தில் சகஜம்.

பழி அத்துடன் முடிந்துவிடவில்லை. புரொஜெக்டரில் படம் கட்டம் கட்டமாக நின்று நின்று நகர்கிறது; ஒலியோ தடையின்றி ஓட வேண்டும்; ஆகவே ஒரு காட்சிக்குரிய ஒலியை அந்தக் காட்சிக்கு இருபது கட்டம் முன்னதாக அச்சிட்டு, வேறோரிடத்தில் சிறு விளக்கொளியால் அதைப் படிக்கச் செய்தார்கள். அந்த விளக்கில் தூசி படிந்தாலோ, நகரும் பிலிம் சற்றே விலகினாலோ, எவ்வளவு நேர்த்தியான பதிவும் கரகரப்பாய் மாறிவிடும். டூரிங் டாக்கீஸில் டீசல் எஞ்சின் இரைச்சலுக்கும் குழந்தைகளின் அழுகைக்கும் நடுவே, ஓட்டை விழுந்த ஸ்பீக்கரில் கேட்ட ஜனங்கள், வசனம் புரியவில்லையென்றால் படத்தில் சத்தம் சரியில்லை என்றார்களே தவிர, கொட்டகையில் சரியில்லை என்று சொல்லவில்லை. ஆதலால் அக்காலத்து ஒலிப்பதிவாளர்கள் மிகச் சிறந்த கொட்டகையை மனத்தில் வைத்து வேலை செய்யாமல், மிக மட்டமான கொட்டகையிலும் வார்த்தை தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதையே தர்மமாகக் கொண்டார்கள். பழைய படங்களில் வசனம் கணீரென்று முன்னால் நிற்பதற்கும், மற்ற ஓசைகளெல்லாம் அடங்கிப் பின்னால் போவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

அவர்கள் செய்த பெரிய உபகாரம் ஒன்று உண்டு. அதை நம் சங்கீத விமர்சகர்கள் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை. மைக் இல்லாத நாடக மேடையில், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தவனுக்கும் எட்டும்படி உச்ச ஸ்தாயியில் பாடுவதே வித்தை; எஸ். ஜி. கிட்டப்பா அதில் ஈடு இணையற்றவராக விளங்கி 1933-இல் இளம் வயதிலேயே மறைந்தார். மைக் வந்தபின் அந்த அவசியம் நீங்கிற்று. பக்கத்தில் அமர்ந்து காதோடு பேசுவதுபோலப் பாடக்கூடிய ஏ. எம். ராஜாவும் பி. பி. ஸ்ரீநிவாஸும் ஆயிரம் பேர் கூடிய கொட்டகையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பாடியதுபோல ஒலித்தார்கள் என்றால், அந்த மென்மையை நசுக்காமல், வாத்தியங்களின் கீழ் அமிழ்ந்துவிடாமல், எடுத்து முன்னே நிறுத்திய கையையும் நாம் நினைக்க வேண்டும். மென்குரலுக்குத் தமிழ்ச் சங்கீத உலகில் ஸ்தானம் வாங்கிக் கொடுத்தவர்களுள் ஒலிப்பதிவாளரும் ஒருவர்.

பாட்டைத் தனியே பதிந்து, படப்பிடிப்பின்போது ஓடவிட்டு, நடிகரை வாயசைக்கச் செய்யும் முறை 1935-இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸில் நிதின் போஸ் டைரக்ட் செய்த படத்தில் கையாளப்பட்டது; அதைச் சாத்தியமாக்கிய ஒலிப்பதிவாளர் அவருடைய சகோதரர் முகுல் போஸ். தமிழில் அதை 1938-இல் நந்தகுமார் படத்தில் மெய்யப்பன் பிரயோகித்தார். அதன் விளைவுகள் மிகப் பெரியவை. பாடத் தெரிந்தவரே நடிக்கலாம் என்ற நிர்ப்பந்தம் போயிற்று. பின்னணிப் பாடகர் என்ற புதிய ஜாதி தோன்றிற்று. ஒலிப்பதிவாளரும் வெயிலிலும் புழுதியிலும் அலைந்த நிலை மாறி, பாட்டைப் பொறுத்த வரையில் தம் சொந்த ராஜ்யமாகிய ஒலிப்பதிவுத் தியேட்டரில் அமர்ந்தார்.

காந்த நாடாவின் வரவு அந்த ராஜ்யத்தை மேலும் வளப்படுத்திற்று. 1930-களில் ஜெர்மனியில் தோன்றி, யுத்தத்துக்குப் பின் உலகெங்கும் பரவிய இந்தச் சாதனத்தில், பதிந்ததை அந்த நிமிஷமே கேட்கலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு அதன்மேலேயே மறுபடி பதியலாம். ஒரு நாள் முழுவதும் லாபரேட்டரியின் வாசலைப் பார்த்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு இது எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும்! ஆயினும் பாட்டு முழுவதையும் ஒரே மூச்சில் பதிய வேண்டும் என்ற நியதி அப்போதும் மாறவில்லை. கோடம்பாக்கத்துப் பெரிய தியேட்டர்களில் காலைக் கால்ஷீட்டுக்கு ஐம்பது அறுபது வாத்தியக்காரர்கள் வந்து அமர்வார்கள். வயலின்கள் ஒரு பக்கம், தபலா டோலக் ஒரு தடுப்புக்குள், புல்லாங்குழல் தனியே, பாடகர்கள் மரத்தடுப்பின் பின்னால் ஒரே மைக்கின் முன். கையிலிருப்பதோ சில மைக்குகள், சில திருகுகள். எந்த வாத்தியம் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், பெருங்குரல் பாடகர் எத்தனை அடி விலகி நிற்க வேண்டும், இடையிசை வரும் கணத்தில் எந்தத் திருகை எவ்வளவு ஏற்றி எப்போது இறக்க வேண்டும் என்பதெல்லாம் ஒத்திகையில் மனப்பாடமாகி, பதிவின்போது விரல்களில் தாமாக வரும். நாலாவது நிமிஷத்தில் கடைசி வரிசை வயலின்காரர் ஒருவர் ஒரு ஸ்வரம் தவறினால் அறுபது பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அத்தகைய கட்டுப்பாட்டில் பிறந்த பாட்டுக்களையே இன்று நாம் பழைய பாட்டுக்கள் என்று கொண்டாடுகிறோம். ஒற்றைத் தடத்தில் பதிந்த அவற்றில் குரலும் வாத்தியமும் அமைந்திருக்கும் நிதானத்தைப் பிற்காலத்து வசதிகள் பல சமயம் எட்டவில்லை.

பாட்டில் இவ்வாறு உயர்ந்த அதே மனிதர் படப்பிடிப்பில் தாழ்ந்தார். 1952-இல் வந்த பராசக்தி முதலான படங்களில் நீண்ட வசனங்கள் தளத்திலேயே பதிவாயின. நடிகரின் மூச்சும் தழுதழுப்பும் அந்தந்தக் கணத்தின் உண்மையோடு நமக்குக் கிடைத்தன. 1970-களில் கதை ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போயிற்று. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய ஆரிபிளெக்ஸ் காமிராக்கள் வெளிப்புறப் படப்பிடிப்பை எளிதாக்கின. ஆனால் அவை போட்ட சத்தத்தில் நேரடி ஒலிப்பதிவு நடவாத காரியம். சரி, பேச்சைப் பிறகு டப்பிங் தியேட்டரில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் தீர்மானித்தார்கள். தயாரிப்பாளருக்கு நேரம் மிச்சம். தமிழ் தெரியாத நடிகைக்கு இன்னொருவர் குரல். டைரக்டருக்கு வசனத்தைப் பிற்பாடு மாற்றும் சுதந்திரம். எல்லாருக்கும் லாபமான இந்த ஏற்பாட்டில், படப்பிடிப்பு நடக்கும்போது காட்சியை நிறுத்தக்கூடிய அந்தப் பழைய அதிகாரி தேவையற்றவரானார். தளத்தில் பதியும் குரல் பின்னால் உதட்டசைவுக்கு வழிகாட்டும் குறிப்பாக மட்டுமே மிஞ்சிற்று. நடந்து வந்த காலடி, வளையல் ஓசை, கதவு திறக்கும் ஓசை யாவற்றையும் ஓர் இருட்டறையில் வேறொருவர் செய்து காட்ட, இயற்கை செய்த ஒலியைப் பிடித்தவர் செயற்கை ஒலியைக் கோப்பவராக மாறினார்.

ஸ்டீரியோவும் பல தடப் பதிவும் அடுத்து வந்தன. இளையராஜாவின் இசையில் 1978-இல் வந்த பிரியா படத்தின் பாட்டுக்களை ஸ்டீரியோவில் கேட்டுத் தமிழ் ஜனங்கள் பரவசமானதை அந்தத் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித் தடம் கிடைத்ததும், ஒருவர் செய்த பிழைக்கு அறுபது பேர் தண்டனை அனுபவிக்கும் நிலை நீங்கிற்று. வாத்தியங்கள் ஒரு நாளிலும் குரல் வேறொரு நாளிலும் பதிவாகலாயின. அதன்பின் கணினி. 1989-இல் தம் வீட்டையொட்டி ஏ. ஆர். ரகுமான் அமைத்துக்கொண்ட பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து 1992-இல் ரோஜாவின் பாட்டுக்கள் வெளிவந்தபோது, பெரிய தியேட்டரும் பெரிய வாத்தியக் கூட்டமும் இல்லாமலே பெரிய ஒலியைச் சிருஷ்டிக்கலாம் என்பது ருசுவாயிற்று. அந்த ஒலியின் துல்லியத்துக்கு உழைத்தவர்களுள் முதன்மையானவர் எச். ஸ்ரீதர். மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால் ஆகிய படங்களுக்காக நான்கு முறை தேசிய விருது பெற்ற அவர் 2008-இல் காலமானார். தமிழ் நாட்டில் பாட்டுக் கேட்கும் சாமானிய ரசிகனும் பெயர் தெரிந்துகொண்ட முதல் ஒலிப்பதிவாளர் அவர் என்று சொன்னால் மிகையாகாது.

2001-இல் வந்த லகான், நடிக்கும்போதே ஒலியைப் பதியும் பழைய சம்பிரதாயத்தைப் பெரிய ஹிந்திப் படத்தில் மீட்டுக் கொண்டுவந்தது. அந்த வேலையைச் செய்த நகுல் காம்டே, ஸ்ரீதரோடு தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார். 2009-இல் கேரளத்து ரசூல் பூக்குட்டி ஸ்லம்டாக் மில்லியனர் படத்தின் ஒலிக்கலவைக்காக ஆஸ்கார் பரிசில் பங்கு பெற்றதும், அதுவரை இந்த உத்தியோகத்தைப் பற்றி ஒன்றும் அறியாத பத்திரிகைகள் அதைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின. நேரடி ஒலிப்பதிவு திரும்பி வந்த படங்களில் பழைய அதிகாரமும் ஓரளவு திரும்பி வந்தது. ஆனால் அது சில படங்களின் பாக்கியம். பொது விதி வேறு. இன்று பெருவாரியான ஒலிப்பதிவாளர்களின் வாழ்க்கை ஒரு சிறு அறை, ஒரு கணினி, முடிவில்லாத இரவுகள் என்று அமைந்திருக்கிறது. சுருதி விலகிய பாட்டைச் சுருதியில் சேர்க்கவும், தாளம் தவறிய வாசிப்பைத் தாளத்தில் உட்கார்த்தவும் கருவிகள் உண்டு. ஆகவே பாடுகிறவரும் அவசரப்படுவதில்லை, தயாரிப்பாளரும் கவலைப்படுவதில்லை. ரிலீஸ் தேதி மட்டும் அசைவதில்லை. முன்னே இருந்தவர்கள் தாமதித்த நாட்களையெல்லாம் கடைசியில் இருக்கும் இவர் தூக்கத்திலிருந்து ஈடுகட்டுகிறார். கூலி பேசும்போது, வீட்டிலேயே ஒரு பையன் இதைச் செய்துவிடுவானே என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பேரொலியின் நடுவே வருஷக்கணக்கில் உழைக்கிறவருக்கு மெல்லிய உயர் சுருதிகள் முதலில் கேளாமற்போகும் என்பது வைத்திய சாஸ்திரம் அறிந்த உண்மை. செவியையே மூலதனமாகக் கொண்டவர் அந்த மூலதனத்தையே செலவழித்துப் பிழைக்கிறார். பெரிய தியேட்டர்களும் போய்விட்டன. விஜயா-வாகினி தளங்கள் நின்ற வடபழனி மனையில் மருத்துவமனையும் வணிக வளாகமும், ஜெமினி ஸ்டூடியோ நின்ற இடத்தில் ஹோட்டலும் எழும்பியிருக்கின்றன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, யந்திரத்தைப் பழிப்பது நியாயமாகாது என்றே தோன்றுகிறது. மெழுகின் காலத்துக்கோ திராவகத்தின் காலத்துக்கோ திரும்பிப் போக எந்த ஒலிப்பதிவாளரும் ஆசைப்பட மாட்டார். மாறியது பிழையின் விலை; மாறாதது பிழையைக் கண்டுபிடிக்கும் செவி. எந்தக் கருவியும் பிழையைத் திருத்துமே தவிர, எது பிழை, எது அழகு என்று அதற்குத் தெரியாது. பாடகியின் குரலில் வந்த ஒரு சிறு கமறலை நீக்க வேண்டுமா, பாவத்துக்கு அது ஆபரணமாக நிற்கட்டுமா என்று தீர்மானிக்க ஒரு மனிதர் அன்றும் வேண்டியிருந்தார், இன்றும் வேண்டியிருக்கிறார். அந்தத் தீர்மானத்துக்கு உரிய கூலியும் உரிய அவகாசமும் கொடுப்பது தயாரிப்பாளர்களின் கடமை.

வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஆலம் ஆராவும் காளிதாஸும் இன்று ஒரு பிரதியும் இல்லாமல் அழிந்துபோயின. 1930-களின் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதியின் கதி அதுவே. தட்டுக்கள் எஞ்சியிருப்பது வி. ஏ. கே. ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர்கள் பிடிவாதமாகக் காத்ததனால். மூல நாடாக்கள் பல ஈரத்திலும் பூஞ்சையிலும் மக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பதிந்தவர்களில் உயிரோடிருக்கும் முதியவர்களின் அநுபவம் எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டோ நாடாவோ இருந்தால் காயலான் கடைக்குப் போடாமல் ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒலிப்பதிவாளர் ஒருவர் இருந்தால், அவர் வேலை செய்த ஸ்டூடியோ எது, பதிந்த பாட்டுக்கள் எவை என்று கேட்டு, அவர் பெயரோடு எழுதி வையுங்கள்.